கோபால்சாமி வைத்த ஒன்பது ஓட்டைகள்

கோபால்சாமி மேஸ்திரியின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஐம்பத்து நான்கு வயதுக்குள் நாற்பது சுவர் கட்டினார், ஒன்றும் விழவில்லை, நாற்பத்தொன்றாவது விழுந்தது. சுருக்கம் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். விசாரணை அறிக்கையும் இங்கேதான் நிறுத்திக்கொண்டது.

மற்றவர்களுக்கு: ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் போகும் பாதையிலிருந்து கொஞ்சம் விலகி, சரிவில் இரண்டே வீடுகள் கொண்ட ஓர் இடம் இருந்தது. ஒன்று கோபால்சாமியுடையது. மற்றது கன்னியம்மாளுடையது. இரண்டுக்கும் மேலே சாமைக்கொல்லை, அதற்கும் மேலே புளியமரங்கள், அதற்கும் மேலே மேகம். மழை பெய்தால் கல்வரப்பு ஒவ்வொன்றிலும் தண்ணீர் கொஞ்சம் நின்று, மண் கொஞ்சம் குடித்து, மிச்சம் ஓடைக்குப் போய்ச் சேரும். அந்த வரப்புகளில் பாதி கோபால்சாமி கட்டியவை. சாமை விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கலசப்பாக்கம் வரை இறங்கிப்போய்க் கிணற்றுக்குச் சுவர் எடுப்பார், கொல்லைக்கு வேலி எடுப்பார். படிப்பு இல்லை. ஆனால் ஒரு கொள்கை இருந்தது: தண்ணீரை நிறுத்த நினைக்கிறவன் மேஸ்திரி இல்லை; அதற்கு வழி விடுகிறவன்தான் மேஸ்திரி.

பிறகு, அந்த இரண்டு வீடுகளுக்கு மேலே இருந்ததில் மேகம் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு கம்பெனி வாங்கியது. மேகத்தையும் விளம்பரப் பலகையில் போட்டுக்கொண்டது. கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்ததால் ஊரார் அதை ‘மேல்நகர்’ என்றே சொன்னார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் மாதத்தில் இரண்டு நாள் வந்து குளிரில் நடுங்குவதற்காக எழுபது வீடுகள் வரப்போவதாகச் சொல்லப்பட்டது. ஜேசிபி வந்தது. வரப்புகள் போயின. ஓடையை மூடி, அதன்மேல் சிறுவர் பூங்கா அமைத்து, ஊஞ்சல் மாட்டினார்கள். சரிவு சமதளம் ஆனது. கொட்டிய மண் கீழே சரியாமல் இருக்க இருநூறு அடி நீளத்துக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு கருங்கல் சுவர் தேவைப்பட்டது.

அதைக் கட்ட கோபால்சாமியைக் கூப்பிட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், சுவர் தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே வருவதால் மதியச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான். மனிதன் தன் அழிவுக்கு இவ்வளவு வசதியாகப் போய்வர முடிவது அபூர்வம்.

சுவர் இடுப்பளவு வந்தபோது அவர் குறுக்கே பைப் பதிக்க ஆரம்பித்தார். மேல்நகரின் சூப்பர்வைசர் தனசேகரன் ஓடி வந்தான்.

“மேஸ்திரி, இன்னா இது? பார்ட்டி வந்து பார்த்தா செவுத்துக்கு அம்மை போட்ட மாதிரி கீது.”

“தண்ணி ஓட்டைங்க. இது இல்லன்னா மண்ணு ஊறும். ஊறினா கனக்கும். கனத்தா செவுரு வயிறு தள்ளும்.”

“அப்புறம்?”

“அப்புறம் பிரசவந்தான்.”

தனசேகரன் சிரித்துவிட்டான், சிரித்ததனால் அனுமதித்துவிட்டான். ஒன்பது ஓட்டைகள். கோபால்சாமி வீட்டுக்கு மேலே ஐந்து, கன்னியம்மாள் வீட்டுக்கு மேலே நான்கு. “இந்தத் தண்ணி எங்க போவும்?” என்று கோபால்சாமி கேட்டதற்கு, தனசேகரன் வரைபடத்தை விரித்துச் சுவரடியில் ஓடும் ஒரு நீலக் கோட்டைக் காட்டினான். அது கால்வாய். மிக அழகான கால்வாய். ஒரே சீராக, ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடியது. இன்றும் வரைபடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

புரட்டாசியில் மழை பிடித்தது. ஒன்பது ஓட்டைகளும் தங்கள் கடமையைச் செய்தன. செம்மண் தண்ணீர் கொல்லைக் கதவு வழியே வந்து, அடுப்படியை விசாரித்துவிட்டு, வாசல் வழியாக வெளியேறியது. கோபால்சாமி வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்த சாமை நனைந்து, நாலாம் நாள் முளைவிட்டது. “ஏரு ஓட்டாத, வெத தூவாத, வூட்டுக்குள்ளயே வெள்ளாமை எடுத்த ஒரே ஆம்பள நீதான்யா” என்றாள் மனைவி சாந்தம்மாள்.

கன்னியம்மாள் அவ்வளவு மென்மையாகப் பேசுகிறவள் அல்ல. அவள் புருஷன் சின்னக்குழந்தை போன வருஷம் புளி உலுக்க ஏறி விழுந்து இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடந்தார். கட்டிலின் நாலு காலும் தண்ணீரில் நின்றன.

“அண்ணா, ஊருக்கெல்லாம் செவுரு கட்டினே. எங்க வூட்டுக்கு மட்டும் ஓட்ட கட்டினியா? உங் கையில கட்டை மொளைக்க!”

“கால்வா வெட்றேன்னு சொன்னாங்க, கன்னிம்மா.”

“சொன்னவன் மேல நிக்கிறான். வெச்சவன் நீ எதிர்ல நிக்கிறே. நான் யாரத் திட்டறது?”

கோபால்சாமி குனிந்து கட்டில் காலுக்கு அடியில் கல் வைத்து உயர்த்தினார்.

மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. திருவண்ணாமலையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கோபால்சாமியின் மகள் பிரியதர்ஷினி விடுமுறைக்கு வந்திருந்தாள், எழுத உட்கார்ந்தாள். “ஓடைய மூடிட்டாங்க, கால்வா வெட்டலன்னு எழுதறேன்ப்பா.”

இங்கேதான் தவறு நடந்தது. நடந்த தவறு, அடக்கமான மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

“ஓடை கால்வான்னு பெரிசாக் கேட்டா ஃபைலு பெரிசாவும்” என்றாள் கன்னியம்மாள். “பெரிய ஃபைல எவன் தூக்குவான்? சின்னதா கேளு. தண்ணி எதுல வர்து? ஓட்டைல. ஓட்டைய எழுது.”

சாந்தம்மாளும் அதையே சொன்னாள். கோபால்சாமிக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனாலும் அரசாங்கத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை அவருக்கும் இருந்தது. ‘மேற்படி சுவரில் உள்ள ஒன்பது ஓட்டைகளால் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது, ஆவன செய்யுமாறு’ என்று எழுதி, இரண்டு வீட்டாரும் கையெழுத்தும் கைநாட்டுமாக வைத்து, ஓர் ஆபீஸில் கொடுத்தார்கள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எல்லா ஆபீஸிலும் அதே மின்விசிறிதான் சுற்றுகிறது.

பதினைந்தாம் நாள் அதிசயம் நடந்தது: நடவடிக்கை எடுக்கப்பட்டது. தனசேகரன் ஆட்களோடு வந்து ஒன்பது ஓட்டைகளையும் காங்கிரீட் போட்டு அடைத்தான். ‘தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது’ என்று போனில் தகவல் வந்தது. மறுநாள் மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கன்னியம்மாள் பாயசம் வைத்து ஒரு சொம்பு அனுப்பினாள்.

கோபால்சாமி பாயசத்தைக் குடித்துவிட்டுப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் வியர்த்திருந்தது.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, சுவரின் உச்சியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பது. கட்டியபோது நூலும் சுவரும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நின்றன. முதல் வாரம் நடுச்சுவர் நூலை ஒரு விரல் வெளியே தள்ளியது. அடுத்த வாரம் இரண்டு விரல். ஐப்பசி முடியும்போது மூன்று. தான் கட்டிய சுவர் எவ்வளவு தாங்கும் என்பது கட்டியவனுக்குத் தெரியும். அது ஒரு சங்கடமான அறிவு. வேறு யாருக்கும் அது இல்லை.

அவர் தனியாகப் போய் இரண்டாவது மனு கொடுத்தார். ஓட்டைகளைத் திறக்கவேண்டும். அங்கிருந்த கிளார்க் முதல் மனுவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

“போன மாசம் மூடச் சொன்னீங்க. மூடியாச்சு. இப்போ தொறக்கணுமா? இன்னா மேஸ்திரி, கவர்மென்ட்டு உங்க வூட்டுக் கதவா?”

“செவுரு வுழுந்துடுங்க.”

“கட்டினது யாரு?”

“நாந்தாங்க.”

“அப்போ சரியாக் கட்டலன்னு எழுதிக் குடுங்க, பார்க்கலாம்.”

நாற்பது சுவர் கட்டிய மனிதர் அதை எழுதித்தரவும் தயாராக இருந்தார். ஆனால் பேனா அவரிடம் இல்லை. கிளார்க் தன் பேனாவைத் தரவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. எங்கோ கடலில் பிறந்து, கரையில் சும்மா இருந்துவிட்டு, மலையில் வந்து பெய்தது. இரண்டாம் நாள் காலை கோபால்சாமி நூலைப் பார்த்தார். நாலு விரல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சேறு பிதுங்கி நின்றது.

அவர் கன்னியம்மாள் வீட்டுக்கு ஓடினார். “உம் புருசன இப்போவே தூக்கினு போய்டலாம். எம் வூட்டாண்ட ஓட்டைய ஒடைக்கப்போறேன், அந்தப் பக்கம் கனம் எறங்கிடும். அங்க வந்துடுங்க. அப்புறம் உங்க பக்கத்தையும் தொறந்துடறேன்.”

“ஒடைச்சா உங்க வூட்ல தண்ணி வருமா?”

“வரும்.”

“எவ்ளோ?”

“முட்டி வரைக்கும்.”

“எங்க வூடு காஞ்சி கீது. காஞ்ச வூட்லேர்ந்து ஈர வூட்டுக்கு இடுப்பு ஒடைஞ்ச மனுசனத் தூக்கினு வர்றதா? உனக்கு இன்னாண்ணா ஆச்சு?”

நியாயமான கேள்வி. யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். உள்ளேயிருந்து சின்னக்குழந்தை குரல் கொடுத்தார்: “மேஸ்திரி, நீ கட்டினது வுழுமாய்யா? போய் டீ குடி.” இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயர் அன்று கோபால்சாமிக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அவர் உளியையும் சம்மட்டியையும் எடுத்தார். சிமெண்ட்டில், கம்பியில், கூலியில் எல்லாம் கை இறுகிய கம்பெனி இந்த ஒன்பது அடைப்புகளில் மட்டும் தாராளமாக நடந்துகொண்டிருந்தது. முதல் ஓட்டை திறக்க ஒரு மணி நேரம் பிடித்தது. தண்ணீர் பீறிட்டு அவர் மார்பில் அடித்து, பின்னால் வீட்டுக்குள் போயிற்று. சாந்தம்மாள் அரிசிப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். இரண்டு. மூன்று. மேலே சுவர் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு தனசேகரன் வந்து நின்றான். மறு கையில் போன்.

“மேஸ்திரி! கம்பெனி செவுத்த ஒடைக்கிறியா? வீடியோ எடுக்கறேன்!”

“எடு ராஜா. நூலையும் சேர்த்து எடு.”

அவன் நூலை எடுக்கவில்லை. நான்கு. ஐந்து. மதியத்துக்குள் தன் பக்கத்து ஓட்டைகள் ஐந்தையும் திறந்து, தன் வீட்டைத் தன் கையாலேயே முட்டியளவு தண்ணீரில் முக்கிவிட்டு, அவர் ஆறாவதுக்கு நகர்ந்தார். அங்கே கன்னியம்மாள் சுவரில் முதுகைக் கொடுத்து, சரியாக அடைப்பின்மேல் சாய்ந்து நின்றாள்.

“இதத் தொடணும்னா என்னத் தொட்டுட்டுத் தொடு.”

“கன்னிம்மா, நவுரு.”

“ஒரு மாசமா என் வூடு காஞ்சி கீது. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து நான் இவ்ளோ நிம்மதியா இருந்ததில்ல. உன் வூட்டத்தான் முழுவடிச்சே, போதாதா?”

அடுத்தவன் மனைவியைக் கைப்பிடித்து நகர்த்துகிற பழக்கம் கோபால்சாமிக்கு இல்லை. அவர் திரும்பினார், சாந்தம்மாளைக் கூப்பிட்டு வரலாம் என்று. போகிறவரை விடாமல் திட்டிக்கொண்டே கன்னியம்மாள் பின்னால் வந்தாள். அவள் திட்டு எப்போதும் பாதியில் நிற்பதில்லை. கோபால்சாமி வீட்டுக் கொல்லைக் கதவு வரை வந்தாள். அதற்குள் திட்டு அவர் பரம்பரையில் மூன்றாவது தலைமுறையைத் தொட்டிருந்தது.

அப்போது அவளுக்குப் பின்னால் சுவர் உட்கார்ந்தது.

பெரிய சத்தமில்லை. நிற்கிற மாடு கால் மடங்கிப் படுக்கிற மாதிரி, நூறு அடிச் சுவர் படுத்தது. அதற்குப் பின்னால் மண் வந்தது, மண்ணுக்குப் பின்னால் ஊஞ்சல் வந்தது. காய்ந்த வீடு இருந்த இடத்தில் ஊஞ்சல் சங்கிலியோடு சாய்ந்து நின்றது. ஐந்து ஓட்டை திறந்த பாதி, தண்ணீரைக் கக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

சின்னக்குழந்தையை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. கட்டிலோடு.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எல்லா விசாரணையையும் போல அதுவும் நாற்காலி தேடுவதில் தொடங்கியது. தனசேகரனின் வீடியோவைப் பார்த்தார்கள்: மழை, சுவர், சம்மட்டி, கோபால்சாமி. தெளிவான படம். பிறகு கன்னியம்மாளைக் கேட்டார்கள்.

“அவர் சுவரை அடித்தாரா, இல்லையா?”

கன்னியம்மாள் கோபால்சாமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடிச்சாரு” என்றாள். “எங்க பக்கம் வந்து அடிக்கவுடல நானு. வுட்டிருந்தா எம் புருசன் இருந்திருப்பான். அவரு வந்து கூப்டாரு சார், காஞ்ச வூட்ட வுட்டு வரமாட்டேன்னு சொன்னது நானு. ஓட்டைய மூடுன்னு எழுதச் சொன்னதும் நாந்தான். அத எழுதிக்குங்க.”

எழுதுகிறவர் ‘அடிச்சாரு’ என்றதுமே எழுதி முடித்திருந்தார். மீதி பேசப் பேச அவர் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் கைநாட்டு வைத்தாள்.

கோபால்சாமி மேல் வழக்கு நடக்கிறது. அவர் திங்கட்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். சுவர் கட்ட அவரை யாரும் கூப்பிடுவதில்லை. விழுந்த பாதியை வேறு ஆட்கள் எழுப்பினார்கள். பூசி, அதன்மேல் ஓர் அருவி வரைந்திருக்கிறார்கள். அதில் ஓட்டை இல்லை. அதற்குக் கீழே இப்போது வீடும் இல்லை என்பதால் யாரும் மனு கொடுக்கவில்லை. நின்ற பாதி வழக்குக்குச் சாட்சியம்; தீர்ப்பு வரும்வரை அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஆகவே ஐந்து ஓட்டைகளும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மழை வந்தால் தண்ணீர் கோபால்சாமி வீட்டுக்குள் முறைப்படி வருகிறது.

கன்னியம்மாள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். போக வேறு இடம் இல்லை. சாந்தம்மாள் போகச் சொல்லவுமில்லை. மழை பிடித்ததும் மூவரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு நிற்பார்கள். கோபால்சாமி தூக்குக்குண்டோடு போய் நூலைப் பார்த்துவிட்டு வருவார். அவர் இறைக்கத் தொடங்குமுன் கன்னியம்மாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கொல்லையில் இறங்கிச் சுவரடியில் நின்று விரல் விட்டு எண்ணுவாள். ஓட்டையில் இலை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுவாள். தண்ணீர் வீட்டுக்குள் பாயும்வரை காத்திருந்து, பிறகுதான் திரும்புவாள்.

“அஞ்சும் வர்துண்ணா” என்பாள், சேலையைப் பிழிந்துகொண்டே.

“வரட்டும்” என்பார் அவர்.