ஃபிளாஷ் போடவா, நிறுத்தவா

ஸ்டூடியோ வேலையில் பட்டனை அழுத்துவது சுலபம்; எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் "அசையாதீங்க" என்று சொல்வதுதான் பெரும்பாடு. வெளியாள் முன்னால் வாய் வராத என்னைப் போன்றவர்களுக்கு இது புரியும். எட்டாவதோடு நின்றவள் நான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வி அக்காவின் ஸ்டூடியோவில் போட்டோ வெட்டிக் கவரில் போடும் வேலை. டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் அக்கா அதை என் கையில் கொடுத்தாங்க. "பொங்கல் வரைக்கும் நீயே எடு. வாயத் தொறந்து பேசலன்னா மறுபடி வெட்டுற வேலதான்." கேமராவைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

முதல் மின்னல்

கண் சிவப்பாக விழாமலிருக்க ஒரு மோடு உண்டு. ஃபிளாஷ் முதலில் சும்மா மின்னும். அடுத்த மின்னலில்தான் படம் விழும். லைசென்ஸ் போட்டோவுக்காக சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த லாரி டிரைவர், முதல் மின்னலிலேயே வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டார். "உக்காருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் அடுத்த மின்னலும் அடித்துவிட்டது. படத்தில் சட்டைப் பொத்தான்கள் மட்டும். அக்கா என்னைத் திட்டவில்லை. "இந்தக் கேமரா அப்பிடித்தாண்ணே, மொதல்ல ஏமாத்தும்" என்று பழியைக் கேமரா மேல் போட்டாங்க. அப்படி ஒரு மனசு அவங்களுக்கு. டிரைவர் படத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "லாரி ஓட்டப்போறது நானா, என் தொப்பையா?"

கண்ணாடி போட்ட டீச்சர்

எத்தனை எடுத்தாலும் ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு, டீச்சரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகத்தான் விழுந்தது. அக்கா ஃபிளாஷை நிறுத்திவிட்டு, ஸ்டூலை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாங்க. ஃபிளாஷ் இல்லாவிட்டால் கை லேசாக ஆடினாலும் படம் கலங்கும். அக்கா முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்தாங்க. அந்த நிதானத்தை நான் வாய் பிளந்து பார்த்தேன். படத்தைப் பார்த்த டீச்சர் சொன்னார்: "என் கண்ணு இவ்ளோ அழகுன்னு எங்க வூட்டுக்காரர் ஒருநாளும் சொன்னதில்ல."

பாஸ்போர்ட் பாப்பா

பொங்கலுக்கு முந்தின நாள், அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம். குறிஞ்சிப்பாடிக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டுக்காரர் துபாயில். பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்தால்தான் இவர்களும் போக முடியும். கடலூரில் எடுத்த படத்திலெல்லாம் ஃபிளாஷுக்குப் பயந்து பாப்பா கண்ணை மூடிக்கொண்டதாம்.

ஃபிளாஷை நிறுத்தினேன். வாசலோரம் வெள்ளைத் துணி விரித்துப் பாப்பாவைப் படுக்க வைத்தேன். அது அம்மாவையே தேடித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் போவது மறந்துபோச்சு. வீட்டில் என் மகளைக் கொஞ்சுகிற மாதிரியே, "யாரு இது? எங்க ராசாத்தியா? பாலு குடிச்சாச்சா?" என்று சத்தம் போட்டேன். பாப்பா அசையாமல் என்னையே முழித்துப் பார்த்தது. எடுத்துவிட்டேன். நிமிர்ந்தால், போகிறவர்கள் நாலு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் அக்கா. "உன் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குதுடி. பொங்கல் கழிச்சும் நீயே எடு."

அன்றிலிருந்து ஸ்டூலில் உட்காருகிற எல்லாரையும் கைக்குழந்தை என்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது.