எல்லோரும் மெட்ராஸ் சவுத்

எண்பதுகளில், அமெரிக்காவின் பேர்லேண்ட் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார் அவர். கசங்காத அரைக்கைச் சட்டை, சிரிக்காத கண்கள், கையில் தடித்த நோட்டு. முதல் தேர்தலிலிருந்து தமிழ்நாடு டெல்லிக்கு அனுப்பிய எம்.பி.க்களை அதில் தொகுதிவாரியாக எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு பட்டியலுக்கும் கீழே, அந்தத் தொகுதியிலிருந்து இங்கே வந்தவர்களின் பெயர்கள்.

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, “சாருக்கு எந்தத் தொகுதி?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊர், தெரு என்று கேட்டுச் சாதியைத் தோண்டுகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். இது புது வழியாக இருந்தது. என்னுடையது தென்காசி, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித்தொகுதி.

“மெட்ராஸ் சவுத், அங்கிள்” என்றேன்.

அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதிக்கொண்டார். பிறகு தனித்தொகுதிகளின் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். எம்.பி.க்களுக்குக் கீழே ஒரு பெயரும் இல்லை.

“ரிசர்வ் தொகுதி ஏழுலேருந்தும் ஒருத்தர்கூட அமெரிக்கா வரல பாருங்க. ஆச்சரியமா இல்ல?”

“உங்களுக்கு எந்தத் தொகுதி?” என்று திருப்பிக் கேட்டேன்.

பேனாவை மூடினார். “நானும் மெட்ராஸ் சவுத்துதான் சார்” என்று முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பியிருக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.