கடைசி வால்ட்ஸுக்கு நடுவே அம்மா

செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொடுத்த பில்டர், லிஃப்டுக்குள் பாட்டு வைத்திருக்கிறார். கரண்ட் போனாலும் பாட்டு நிற்பதில்லை. லிஃப்ட்தான் நிற்கிறது. போன வாரம் இரண்டு மாடிகளுக்கு நடுவில், கொத்தமல்லிக் கட்டும் கையுமாக நானும் மேல்மாடித் தமிழ்ப் பெண் ஒருத்தியும் மாட்டிக்கொண்டோம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க. வாட்ச்மேனுக்கு போன் போட்டாச்சு" என்றாள். எனக்கு டென்ஷனே இல்லை. கூரையிலிருந்து, ஜோடி சேர்ந்து சுற்றி ஆடுகிற வால்ட்ஸ் மெட்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. செருப்புக்குள் என் கால்விரல்கள் என்னைக் கேட்காமலே ஒன்று இரண்டு மூன்று போட்டுக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு டான்ஸ் வருமா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த வாசனையோடு நிற்கிறவளைப் பார்த்து யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். அவள் காட்கோபரில் சும்பா வகுப்புக்குப் போகிறாளாம். "அங்க பார்ட்னர்லாம் கிடையாது ஆன்ட்டி. அவங்கவங்க தனியா ஆடணும். எவன் கையையும் புடிக்க வேணாம், மஸ்த் இருக்கும், செம ஜாலி." நல்லதுதான் என்று நானும் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

லிஃப்டுக்குள் யாரோ பூசிக்கொண்டு போன பவுடர் மணம் மிச்சமிருந்தது. கல்யாண விருந்துக்கு ஜோடி ஜோடியாக ஆடுகிற அந்தக் காலத்து சர்ச் ஹாலில் பவுடர் முகத்துக்கு மட்டுமில்லை, தரைக்கும் உண்டு. ஷூ வழுக்கிக்கொண்டு போவதற்காக, கேரம் போர்டுக்குப் போடுகிற அதே பவுடரைத் தரை முழுக்கத் தூவுவார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் எல்லோருடைய கால்சட்டை நுனியும் மாவு மில்லில் வேலை பார்த்தவர்களுடையது போல ஆகிவிடும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், தாராவியில் ஒற்றை அறை. பக்கத்து அறை கோவாக்காரர்களுடையது. அந்த வீட்டு ஃபிலோமினா ஆன்ட்டிதான் தன் மகள் பெல்லாவோடு சேர்த்து எனக்கும் ஆடக் கற்றுக்கொடுத்தார். கட்டிலுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் கிடந்த இடம்தான் எங்கள் மைதானம். நான் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். "நீச்சே மத் தேக் பேபி, பைர் கிதர் நை ஜாத்தா" என்பார். கீழே பார்க்காதே, கால் எங்கேயும் ஓடிப்போகாது என்பது அவருடைய முதல் பாடம். அந்த இடத்தில் பழகியதால் என் அடிகள் குட்டிக் குட்டியாக அமைந்துவிட்டன. பெரிய ஹாலிலும் நான் டிரம்மில் இடித்துக்கொள்ளாமல் ஆடுகிறவளாகவே ஆடினேன். கோவாப் பையன்கள் அதற்குத் தீப்பெட்டி வால்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஆன்ட்டியிடம் சரித்திரமும் உண்டு. ஆண் பெண்ணின் இடுப்பைப் பிடித்து ஆடுகிறான் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவே வால்ட்ஸைப் பார்த்து முகம் சுளித்ததாம். ஃபாக்ஸ்ட்ராட் அமெரிக்காவில் பிறந்தது. ஜைவ் யுத்தகாலத்தில் அமெரிக்க சிப்பாய்களோடு வந்து இறங்கியது. பிறகு ட்விஸ்ட் வந்ததாம், ஜனங்கள் ஒருவர் கையை ஒருவர் விட்டுவிட்டார்களாம். அதை மட்டும் இழவுச் செய்தி மாதிரிச் சொல்வார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்டால் அவருக்கு சினிமாக்காரர்கள் ஞாபகம் வரமாட்டார்கள். தலையில் தண்ணீர் டம்ளரை வைத்தாலும் சிந்தாமல் ஃபாக்ஸ்ட்ராட் ஆடிய மாஹிம் ரயில்வே கார்டு ஒருவர். ஆண்கள் வந்து கூப்பிடும்வரை காத்திருக்கப் பிடிக்காமல் தங்களுக்குள்ளேயே ஜைவ் ஆடி ஹாலைக் கலக்கிய பாந்த்ரா அக்கா தங்கை. ஆன்ட்டியின் பட்டியல் அவ்வளவுதான்.

காத்திருப்பது என்றேனே, அதுதான் அந்த ஹாலின் சட்டம். பெண்கள் சுவர் ஓரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண் வந்து கேட்பான். ஒருவனுக்கு மாட்டேன் என்றால் அந்தப் பாட்டு முழுக்க யாரோடும் ஆடக் கூடாது. ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப ஆடினால் பேச்சு கிளம்பும். கடைசி வால்ட்ஸையும் அவனோடே ஆடிவிட்டால் கோயிலில் ஓலை வாசித்த மாதிரிதான், கல்யாணம் முடிவாகிவிட்டது என்று ஊரே எடுத்துக்கொள்ளும். தப்பிக்க ஒரே ஒரு சந்து உண்டு. நடுவில் ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று மைக்கில் அறிவிப்பார்கள். அப்போது யார் வேண்டுமானாலும் ஆடுகிறவர் தோளைத் தட்டி ஜோடியை வாங்கிக்கொள்ளலாம். தட்டப்பட்டவர் சிரித்த முகத்தோடு விலகிவிட வேண்டும். கடைசி வால்ட்ஸுக்கு மட்டும் அது கிடையவே கிடையாது.

அந்த ஹாலில் எனக்கு வாய்த்த ஜோடி ரொசாரியோ சார். எங்கள் ஆபீசின் ஹெட் கிளார்க், தூத்துக்குடிக்காரர், மனைவியை இழந்தவர், என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கல்யாணத்துக்குக் கல்யாணம் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்பார். என் குட்டி அடிகள் அவர் தொப்பைக்கு வசதியாக இருந்தன. வவுச்சர் சரிபார்க்கிற குரலில் காதருகே ஒன் டூ த்ரீ எண்ணுவார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது. அப்பாவின் மில் பூட்டிக் கிடந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மாட்டேன் என்று ஹாலில் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை எந்த முகத்தோடு அவர் மேஜைக்குப் போவேன்?

ஊர்ப்பேச்சு காதில் விழுந்ததும் அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "மாஹிம்ல சொந்த வீடு, ஆபீஸ்ல பெரிய ஆளு. ஏளா, இதுக்கு மேல என்ன வேணும் ஒம்மவளுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். "நான் என்னத்தச் சொல்ல" என்று அம்மா மீன் கழுவப் போய்விட்டாள். எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அந்த அறையில் அழுவதற்குக்கூட இடம் கிடையாது. எங்கே திரும்பினாலும் யார் முகமாவது இருக்கும்.

அடுத்து பெல்லாவின் அண்ணன் கல்யாணம். வழக்கம்போல எனக்குக் காவலாக அம்மாவை அனுப்பினார் அப்பா. ஊதாப் பட்டுச்சேலை, இருந்தது அது ஒன்றுதான், அதைக் கட்டிக்கொண்டு ஃபிலோமினா ஆன்ட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொசாரியோ சார் அன்றைக்கு மூன்று முறை வந்தார். பிறகு விளக்கைக் கொஞ்சம் குறைத்து, கடைசி வால்ட்ஸ் என்று மைக்கில் சொன்னார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். கிழவிகள் எல்லாம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். எழாமல் என்ன செய்ய?

ஒரு சுற்று போயிருப்போம். முன்னால் அவர், பின்னால் சுவர் ஓரம் முழுக்கக் கண்கள். அப்போது யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

"எக்ஸ்கியூஸ் மீ."

அம்மா. ரேஷன் கடை வரிசையில் விலகச் சொல்கிற அதே குரல். நான் திகைத்து விலகுவதற்குள் அவர் கையைப் பிடித்து, மற்றக் கையைச் சரியாக அவர் தோளில் வைத்துவிட்டாள். சுவர் ஓரம் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள். டிரம்பெட்காரர் ஒரு சுரத்தை விட்டுவிட்டார். ரொசாரியோ சார் முகம் சிவந்தது. ஆனால் ஹாலில் ஒரு பெண்ணை உதறிவிட்டுப் போனால் ஆண்பிள்ளைக்கு மரியாதை இல்லை. ஃபிலோமினா ஆன்ட்டி சட்டென்று கைதட்ட ஆரம்பித்தார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஊதாப் பட்டு அவர் ஷூவை மிதித்து மிதித்துச் சுற்றியது. நான் போய் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸில், "கடைசி டான்ஸுக்கு அப்படி வரக் கூடாதும்மா" என்றேன்.

"எனக்கென்னட்டி தெரியும், நான் பட்டிக்காட்டுக்காரி" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடைசிக்கு மட்டும் கூடாது என்று தான் இரண்டு தடவை சொல்லியிருந்ததாக ஃபிலோமினா ஆன்ட்டி பிறகு மாதா மேல் சத்தியம் செய்தார்.

ரொசாரியோ சார் அதன்பின் என் பக்கம் வரவில்லை. என் வேலைக்கான கையெழுத்தை மட்டும், நிமிர்ந்து பார்க்காமல், ஒழுங்காகப் போட்டுக்கொடுத்தார். நான் தப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் யாரோ அப்பாவிடம், "ஒம்ம வீட்டம்மா நல்லா ஆடுதாவளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர், "இனிமே ரெண்டு பேரும் அந்த ஹால் வாசப்படிய மிதிக்கப்படாது" என்றார். எனக்கு ஆபீஸ் இருந்தது, ரயில் இருந்தது, மதியம் சேர்ந்து சாப்பிடத் தோழிகள் இருந்தார்கள். அம்மாவுக்கு அந்த அறை மட்டும்தான். விருந்தாளிகள் வந்தால்கூட, "ஏளா ஆட்டக்காரி, காப்பி போடு" என்பார் அப்பா. அம்மா போடுவாள். அந்தச் சொல்லை அவர் சாகும்வரை விடவில்லை. அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பா போனபின் அம்மா என்னோடு செம்பூரில் இருந்தாள். ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏம்மா, எனக்காகத்தான அவ்வளவு பேச்சும் வாங்குன?"

"மொதல்ல ஒனக்காகத்தான்" என்றாள். அடுத்த பூண்டை எடுத்து உடைத்தாள். "பொறவு அந்த மனுசன் என்னைய ஒரு சுத்து சுத்துனாருல்லா... அதுக்குள்ள லைட்டப் போட்டுட்டானுவ. இன்னும் செத்த நேரம் வாசிச்சிருக்கலாம்."

அப்போது அந்த ஹாலை இன்னும் இடித்திருக்கவில்லை, பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அங்கே வால்ட்ஸ் வாசிக்கிற கல்யாணங்கள் முடிந்துபோயிருந்தன. டிஜே வந்துவிட்டார், எல்லோரும் கையைத் தூக்கித் தனித்தனியாகக் குதித்தார்கள். எழுபதைத் தாண்டிய அம்மா அங்கே போய் யார் தோளைத் தட்டுவாள்?