கண்ணாடித் தகட்டில் செல்லப்பன்

ஆரோக்கியசெல்விக்குப் பகலெல்லாம் மரக்காணம் உப்பளத்தில் வேலை. சாயங்காலம் மாதா கோயிலைக் கூட்டிப் பெருக்குவாள். கோயில் சாமான் அறைச் சாவி பதினோரு வருஷமாக அவள் இடுப்பில்தான். அங்கே கிடந்த பழைய மரப்பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லாத ஆள் இல்லை. அவள் விடவில்லை.

உள்ளே இருந்தவை தீட்டிய படங்களும் சில போட்டோக்களும் பதிந்த கண்ணாடித் தகடுகள். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் விளக்குப் பெட்டியில் அவற்றைச் செருகி, வேட்டித் திரையில் ஏசுவின் கதையை ஊர் ஊராகக் காட்டினார். பெட்டியைச் சுமந்தவர் செல்லப்பன், செல்வியின் கொள்ளுத்தாத்தா. திரையில் சிலுவையைப் பார்த்து அழுது, ஊரிலேயே முதலில் ஞானஸ்நானம் வாங்கினவர். அந்தப் பெருமை இன்னும் அவர்கள் வீட்டில் உண்டு.

கோயிலின் நூற்றாண்டு வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் கௌதமனிடம் பெட்டியைச் செல்வியே எடுத்துக் கொடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஜன்னல்களில் சாக்கு கட்டி அவர் புரொஜெக்டரைப் போட்டார்.

ஏசு வந்தார், மாதா வந்தாள். அப்புறம் தலைவிரி கோலத்தில், உடம்பெல்லாம் சாம்பலோடு, கையில் மண்டையோடு பிடித்த ஓர் ஆள். அடுத்ததில் அதே ஆள் வெள்ளைச் சட்டையில், ஜெபமாலையோடு.

படத்தின் அடியில் இருந்த பிரெஞ்சு வரியை கௌதமன் படித்துச் சொன்னார்: "செல்லப்பன். பேய்க்குப் பலி கொடுத்த பூசாரி, மனம் திரும்பிய பிறகு."

கொல்லென்று சிரிப்பு. செல்வி எழுந்தாள்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க சார்."

போட்டார். இரண்டிலும் வலது கால் கட்டைவிரலில் உப்பு வெடிப்புக்குச் சுற்றிய அதே கந்தல், அதே முடிச்சு.

"ஒரே நாள்ல எடுத்திருக்காங்க. வேஷம் கட்டி நிக்க வெச்சிருக்காங்க. அவரு உப்பு வார்றவரு சார், பூசாரி இல்ல."

கௌதமன் தலையாட்டினார். "ஆமாம்மா. வெள்ளைக்காரச் சாமியாருங்க அவங்க நாட்டு ஜனங்களுக்குக் காட்டி நன்கொடை வாங்க அப்படியும் எடுப்பாங்க."

"விடு செல்வி," என்றார் ஃபாதர். "நல்ல சாட்சிதானே. நூற்றாண்டு மலர்ல முதல் பக்கத்துல போட்டுடலாம்."

"நம்பித்தானே ஃபாதர் அவரு போய் நின்னாரு? நம்பித்தானே நானும் பொட்டியக் குடுத்தேன்?"

"அப்புறம் பேசலாம்மா."

பேசவேயில்லை. மலர் வந்தது, முதல் பக்கத்தில் மண்டையோட்டோடு செல்லப்பன். மறுநாள் உப்பளத்தில் கூட வேலை செய்யும் ஆண்டாள் கேட்டாள்: "ஏன்டி, உங்க வீட்ல பில்லி சூனியம் வெப்பாங்களாமே?"

அன்று சாயங்காலமே சாவியை ஃபாதர் மேஜைமேல் வைத்தாள்.

"சாமி மேல கோவமா?"

"சாமி என்ன பண்ணாரு ஃபாதர்."

இப்போது ஞாயிறு பூசைக்குத் திண்டிவனம் பஸ் ஏறுகிறாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறாள்.