இடப்பக்கத்து மடிப்பு

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளுக்கு இப்படியான கதைகளில் ஆசை என்று நினைத்துவிடுவீர்கள். தையல் வேலை செய்தவள், மூன்று பிள்ளை பெற்றவள். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பினதில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. நாயாற்றுப் பக்கம், எங்கள் கோயில் திருநாளுக்கு நாடகம் போட்டார்கள். வேதத்தைத் தடைசெய்த ஒல்லாந்தருக்குப் பயந்து மாதா சுரூபத்தைக் காட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோன சனங்களின் கதை. புதிதாக வந்த பாதர், பளபளப்பு உடுப்பெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். கோயில் உள்ளறையில் ஒரு பழைய பலகைப் படம் இருந்தது, மெழுகுதிரிப் புகை படிந்து முக்கால்வாசி கறுத்துப்போன படம். அதில் மாதாவின் காலடியில் நம்மூர்ப் பெண்போல ஒருத்தி முழந்தாளில் இருக்கிறாள். அந்தக் காலத்து உடுப்புக்கு இதைவிட வேறு சாட்சி நமக்கு இல்லை என்றார் பாதர்.

"திரேசம்மா, நினைச்சபடி தைக்காதேங்கோ. படத்தில என்ன இருக்கோ அதை மட்டும் செய்யுங்கோ."

நானும் வவுனியாவிலிருந்து வெளுக்காத கோறாத் துணி எடுப்பித்து, ஒரு கிழமை முழுக்கப் படத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். சட்டை கிடையாது, ஒரே துணிதான், மார்பைச் சுற்றித் தோளில் முடிச்சு, எந்தத் தோள் என்பது புகைக்குள் மறைந்திருந்தது. மற்றபடி எல்லாம் விளங்கியது, இடப்பக்க இடுப்பில் கிடந்த பெரிய மடிப்பைத் தவிர. எப்படி மடித்தாலும் என் துணி தட்டையாகச் சரிந்தது. படத்தில் அது கனத்துத் தொங்கியது. படம் கீறினவனுக்குத் துணியைப் பற்றித் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகத்துக்கு மூன்று நாள் இருக்க, நல்ல வெயில் நேரம், அந்தப் பெண்ணாக நடிக்கிற றெஜினாவை அந்த அறைக்குள் நிற்பாட்டித் துணியைச் சுற்றினேன். அதுவரை இடத்தோளில் போட்டுவந்த முடிச்சை வலத்தோளுக்கு மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான், நம்பினால் நம்புங்கள், மடிப்பு தானாக நின்றது, படத்தில் இருந்த மாதிரியே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. றெஜினாவின் முகம்தான் ஒரு மாதிரிப் போய்விட்டது.

"அக்கா, கனக்குது. அவிட்டு விடுங்கோ."

"வெறும் துணி பிள்ளை, என்ன கனம்?"

"அசையுது அக்கா!"

அவிழ்த்துவிட்டேன். அழுதுகொண்டு, இனிக் கட்டமாட்டேன் என்றாள். அவளுக்குக் காட்டுவதற்காகத்தான் அதே துணியை என் உடுப்புக்கு மேலே சுற்றி, அதே முடிச்சைப் போட்டேன்.

பாரம் உடனே வரவில்லை. மெல்ல மெல்ல வந்து இடுப்பில் இறங்கியது, சூட்டோடு. விழித்திருக்கிற பிள்ளை தன்னைத் தானே கொஞ்சம் தாங்கும், நித்திரையான பிள்ளைதான் முழுப் பாரத்தையும் நம்மேல் போட்டுவிடும். மூன்று பெற்றவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? மூச்சுக்கூடத் துணிக்குள்ளால் வந்து பட்டது. எனக்கு அந்த நேரத்தில் அன்பு இரக்கம் ஒன்றும் வரவில்லை, பயம்தான். ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்தேன்.

அது என் தொடையை உரசிக்கொண்டு வழுகியது. என் கை தன்பாட்டில் கீழே பாய்ந்தது, வெறும் துணிதான் அகப்பட்டது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால் எதிரே நின்ற றெஜினா, நான் சத்தியமாகச் சொல்கிறேன், சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

மடிப்பில்லாமல்தான் கடைசியில் தைத்தேன். துணி போதவில்லை என்று பாதருக்குப் பொய் சொன்னேன். நாடகம் நன்றாகவே நடந்தது.

திருநாள் முடிந்த கையோடு பாதர் பஞ்சில் எண்ணெய் தொட்டு அந்தப் படத்தைத் துடைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கோ திரேசம்மா, இது மடிப்பில்லை. பிள்ளை! துணிக்குள்ள கட்டி வச்சிருக்கிறா."

சின்னத் தலை ஒன்று, கண் மூடியிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு வலத்தோள் முடிச்சைப் பிடித்திருந்தது. பாதருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. றெஜினா பிறகு கலியாணம் செய்து நெடுங்கேணிப் பக்கம் போனாள். காணும்போதெல்லாம் வேறு ஏதேதோ கதைத்தோம்.

இப்போதும் யாராவது பிள்ளையைத் தூக்கச் சொல்லி என்னிடம் நீட்டினால், வாங்க முன்னம் என் கண் ஒருதரம் தரையைத் தேடிவிட்டுத்தான் வருகிறது.