நீர்யானை வீட்டுக்கு வரும் வழி

குழந்தைகளுக்கான அட்டைப் புத்தகங்களைத் தயாரிக்கிறவர்களில் ஒருவர்கூடக் குழந்தையைத் தூங்க வைத்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லையென்றால் தூங்கப்போகும் நேரத்துப் புத்தகத்தில் மினுமினுப்புத் தூளை எதற்கு ஒட்டுகிறார்கள்? அது பிள்ளையின் கன்னத்தில் ஒட்டி, என் தாடியில் ஒட்டி, மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது தாதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மருத்துவமனையில் இருந்தது என் மனைவி. இரண்டாவது பிள்ளை, வயிற்றில் ஏழு மாதம். வழக்கமான பரிசோதனைக்கு என்று போனவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சொல்லி, அப்படியே வார்டில் சேர்த்துவிட்டார்கள். பல் துலக்கும் பிரஷ்கூட எடுத்துப் போகவில்லை. அழுத்தம் இறங்கும்வரை படுத்தே இருக்க வேண்டும், மனதில் எந்தக் கவலையும் கூடாது என்றார் டாக்டர். கூடாது என்றால் கவலை நின்றுவிடுமா என்ன. வீட்டில் இரண்டரை வயது மகள். அந்த வார்டுக்குள் சிறு பிள்ளைகளை விடமாட்டார்கள்.

ஒருமுறை வீடியோ காலில் காட்டினேன். மகள் திரையைத் தடவிப் பார்த்தாள், போனைத் திருப்பி அதன் முதுகில் அம்மாவைத் தேடினாள், பிறகு அதைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் மனைவியும் அழுதாள். தாதி ஓடி வந்து அளந்து பார்த்ததில் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. அதோடு வீடியோவை நிறுத்திவிட்டோம். அதன்பிறகு தினமும் சாயங்காலம் குரல் மட்டும்தான்.

"பாப்பா தூங்கிட்டாளாங்க?"

"தூங்கிட்டா, தூங்கிட்டா. நீ நிம்மதியா படு."

நான் இதைச் சொல்லும்போது பாப்பா வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, செங்காங்கில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் தூக்கம் என்றால் புத்தகம். புத்தகம் என்றால் மனைவி. எனக்குப் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு கிடங்கில் மதிய ஷிப்ட். நான் வீடு வந்து சேரும்போது மகள் கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் என்று தூங்கிக் கிடப்பாள். இப்போது விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தால், கூடையில் அத்தனை புத்தகம் இருந்தும் எதைத் தொட வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்கலாம். கேட்டால் பிள்ளை தூங்கவில்லை என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அழுத்தம் ஏறும். ஏறினால் வயிற்றில் இருப்பவனை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணக்கில், ஒரு அட்டைப் புத்தகத்துக்கும் பிறக்காத மகனின் உயிருக்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

கூடையில் மிக மோசமான நிலையில் இருந்த புத்தகத்தை முதலில் எடுத்தேன். அதைத்தான் அதிகம் படித்திருப்பார்கள் என்று துப்பறிந்தேன். ஆரஞ்சு அட்டை, முதுகில் டேப், மூலையெல்லாம் கடித்த தடம். கீழே எங்கள் புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில் யாரோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனதை மனைவி எடுத்து வந்தது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு நீர்யானை மழையில் வீட்டுக்குப் போகிறது. பக்கத்துக்கு இரண்டு வரி ஆங்கிலம், எதுகையெல்லாம் சரியாக இருந்தது. நான் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். மகள் என் வாயைக் கையால் பொத்தி, "இல்ல" என்றாள். இன்னொரு முறை, இன்னும் அழகாகப் படித்தேன். "இல்ல!" புத்தகம் பறந்து போய்ச் சுவரில் மோதியது.

சரி, இது சலித்துவிட்டது, புதிது வேண்டும் என்று முடிவு கட்டினேன். மனைவியின் ரத்த அழுத்தத்தை ஒரு புள்ளிகூட என்னால் இறக்க முடியாது. புத்தகம் வாங்க முடியும்.

எதிர்வீட்டு அக்காதான் நான் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்வார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவருடைய மகன்கள் இப்போது மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் சின்னதில் வைத்திருந்த புத்தகம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தந்தார்.

"இத அமுக்குனா மாடு கத்தும் தம்பி. என் பிள்ளைங்க இதுக்கு அப்படியே அடங்கிடுவாங்க. ட்ரை பண்ணிப் பாருங்களேன்."

மாடு கத்தியது. பேட்டரி தேய்ந்துபோய், மாட்டை யாரோ கழுத்தை நெரிப்பது போலக் கத்தியது. நிறுத்தவும் முடியவில்லை. மகள் அலறியடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அதை நான் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். உள்ளேயிருந்தும் கொஞ்ச நேரம் கத்தியது.

மறுநாள் வார்டிலிருந்து நேராகத் தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்காவுக்குப் போனேன். தமிழில் இருந்தால் அம்மாவின் பேச்சு மாதிரி இருக்கும், அதுதான் குறை என்று எனக்குத் திடீரென்று தோன்றியிருந்தது. சிராங்கூன் சாலையின் ஒரு சந்தில், பூஜைச் சாமானும் பள்ளிப் பயிற்சி நூல்களும் சேர்த்து விற்கும் கடை. அதற்குள் நான் பெரிய நிபுணன் ஆகியிருந்தேன். மூலை வளைவாக இருக்கிறதா? பக்கம் குட்டி விரலுக்குப் பிடிபடும் தடிமனா? ஒரு பக்கத்துக்கு ஒரு படம்தானா, இல்லை சந்தைக் கூட்டம் மாதிரி எல்லாம் மொய்க்கிறதா? பிள்ளை எப்படியும் கடிக்கப்போகிறது என்பதால் மை வாசனை அடிக்கிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன்.

"அண்ணே, படிக்கத்தானே வாங்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

நல்ல தடிமனான தமிழ் எழுத்துப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. வளைந்த மூலை, பக்கத்துக்கு ஒரு படம், வாசனை இல்லை. வீடு திரும்பும் ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மனைவியை வார்டில் சேர்த்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பசித்தது.

எட்டு மணிக்கு விளக்கைக் குறைத்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். பச்சைச் சேலை, தலையில் பூ, சிரித்த முகம். என் வாய் என் புத்திக்கு முன்னால் போய்விட்டது.

"அ... அம்மா."

தமிழ் எழுத்துப் புத்தகம் வேறு எப்படித் தொடங்கும்? நானும் அப்படித்தான் படித்தேன், உலகத்தில் தமிழ் படித்த அத்தனை பேரும் அப்படித்தான் படித்தார்கள். கடையில் மூலையைத் தடவினேன், மையை முகர்ந்தேன், இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். கீழுதடு மெல்ல வெளியே வந்தது. "ஆ, ஆடு! இங்க பாரு, ஆடு!" என்று அவசரமாகப் புரட்டினேன். ஆட்டை யார் பார்த்தார்கள்.

அந்த அழுகைக்கு நடுவில் போன் வந்தது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"அது என்னங்க சத்தம்?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை."

எங்கள் மாடியில் அழுகிற வயதில் வேறு பிள்ளையே கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவள் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். காலையில் போனபோது அழுத்தம் ஏறியிருந்தது. மருந்தைக் கூட்டியிருந்தார்கள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை நான் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. வாங்கியது, இரவல் பெற்றது எல்லாம் தரையில் கிடக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மகள் தானாகவே போய், சுவரோரம் கிடந்த ஆரஞ்சுப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நீர்யானையின் மேல் விரலை வைத்தாள்.

"அப்பா."

"இது நீர்யானை, பாப்பா."

"அப்பா," என்றாள், விவரம் தெரியாதவனுக்குச் சொல்லித் தருவது மாதிரி.

நான் உற்றுப் பார்த்தேன். மழைக்கோட்டின் பொத்தான்களைத் தள்ளிக்கொண்டு நிற்கும் தொப்பை. தப்பு சொல்ல முடியாது. அவளே பக்கத்தைத் திருப்பினாள். குளத்தங்கரையில் நீர்யானை நிற்கிறது: "அப்பா பஸ்." பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேனாம். அடுத்தது பாலம். எங்கள் புளோக்குக்கு எதிரில் இருக்கும் மேம்பாலம்தான் அது: "அப்பா மழ." பிறகு கடை: "அப்பா பரோட்டா." படிக்கட்டு: "லிஃப்ட் கெட்டுப்போச்சு." கதவு: "சாவி." கடைசிப் பக்கத்தில் நீர்யானை போர்வைக்குள் படுத்திருந்தது. "அப்பா வந்தாச்சு. எல்லாரும் உள்ள."

அச்சடித்த ஆங்கில வரி ஒன்றைக்கூட மனைவி இந்த வீட்டில் படித்ததே இல்லை. நான் கிடங்கில் அட்டைப் பெட்டிகளோடு நிற்கும் நேரத்தில், இவள் இங்கே உட்கார்ந்து தினமும் என்னை பஸ் ஏற்றி, பாலம் ஏற்றி, பரோட்டா வாங்க வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள். நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று நம்பித்தான் என் மகள் தினமும் தூங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

ஆனால் அவள் தூங்கவில்லை. "எல்லாரும் உள்ள" என்று சொன்னவள் கட்டிலில் அம்மா படுக்கும் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். முகம் கோணத் தொடங்கியது.

நான் அவசரமாக முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். "அப்பாதான் இங்க இருக்கேனே. இது அம்மா."

அவள் என்னை நம்பவில்லை. நான் அந்தத் தொப்பையில் விரலை வைத்தேன். "இங்க பாரு. உள்ள தம்பி இருக்கான்ல?"

வெகுநேரம் பார்த்தாள். "அம்மா பஸ்?"

"ஆமா. பஸ்ஸுக்கு நிக்கிறா."

மெதுவாகப் போனோம். பாலத்தில் அம்மா மூச்சு வாங்கினாள். கடையில் எனக்கும் சேர்த்துப் பரோட்டா வாங்கினாள். படிக்கட்டில் தம்பி உதைத்தான் என்று நின்றாள். கதவு வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனபோது மகள் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு," என்றாள்.

எதைக் கேட்டாலும் நாங்கள் அவளுக்குச் சொல்லும் பதில் அது. கை புத்தகத்தின் மேல் இருக்க அப்படியே தூங்கிவிட்டாள். போன் வந்தது.

"தூங்கிட்டாளாங்க?"

"தூங்கிட்டா. நெசமா."

"எந்த புக்?" என்றாள்.

"நீர்யானை."

"இப்ப யாரு நீர்யானை?"

"நீதான்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைப் பெண் என்னவென்று விசாரித்தது எனக்குக் கேட்டது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கதவுவரைக்கும் படித்தோம். கடைசிப் பக்கத்தை மகள் திறக்க விடவே இல்லை.

சிரித்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அழுத்தம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்து, ஒருநாள் ஏறியது இறங்கவேயில்லை. அறுவைசிகிச்சை செய்து மகனை எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், என் கையை விட நீளம் குறைவாக, குழாய்களோடு கிடந்தான். தாயை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனை அனுப்பவில்லை. எப்போது என்று கேட்டால், பார்ப்போம் என்றார்கள்.

அவள் வந்த அன்று மகள் அவளை விட்டு ஒரு அடி நகரவில்லை. இருட்டியதும் ஆரஞ்சுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மனைவி தையலைக் கையால் தாங்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். பஸ், பாலம், கடை, படிக்கட்டு, கதவு. கதவு வந்ததும் மகள் தன் கையாலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அம்மா வந்தாச்சு," என்றாள் மனைவி. "எல்லாரும்..."

நான் சன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் காத்திருந்தாள். போர்வைக்குள் இருந்த நீர்யானையைப் பார்த்தாள். தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள், கதவு, படிக்கட்டு, கடை. பாலம் வந்ததும் நிறுத்தி, மழைக்கு நடுவில் விரலை வைத்தாள்.

"தம்பி இங்க," என்றாள். "வர்றான்."

பாலத்துப் பக்கம் மேலே தெரியும்படி புத்தகத்தைத் தலையணைக்கு அருகில் விரித்து வைத்துவிட்டு, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். மகன் வீட்டுக்கு வந்த நாள்வரைக்கும் நாங்கள் யாரும் அதை மூடவில்லை.