லூர்து அக்காவின் குழாயடிச் செபம்

நவி மும்பை ஐரோலியில் என் மருமகள் முட்டை வேகவைக்க போனில் அலாரம் வைக்கிறாள். அது அடிப்பதற்குள் என் வாய் தானாக மங்கள வார்த்தைச் செபத்தை இருபது தரம் சொல்லி முடித்துவிடுகிறது. "முட்டைக்குமா அத்தை செபம்?" என்று சிரிக்கிறாள். பக்தி என்று நினைக்கிறாள், பாவம். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது வெறும் பழக்கதோஷம்.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய், எட்டு வீடு. காலையில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் வரும். குடத்தோடு குடம் மோதி ஒருநாள் மண்டையும் உடைந்தது. யாரிடமும் கடிகாரம் கிடையாது. லூர்து அக்காதான் வழி சொன்னாள். செபமாலையை உருட்டி அவள் பத்துத் தரம் மங்கள வார்த்தை சொல்லி முடிக்கும்வரை ஒரு வீட்டின் முறை. சந்தில் பாதிப் பேர் இந்துக்கள், அவர்களும் சரியென்றார்கள். சாமி பேரைச் சொல்லிக்கொண்டு ஏமாற்ற மாட்டாள் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு மட்டும் அந்த நம்பிக்கை வரவில்லை.

நான் பிறவிச் சந்தேகக்காரி. மீன்காரியின் தராசுத் தட்டைக் கவிழ்த்து அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவள். அக்காவோ சட்டி தேய்க்கும்போதும், "இது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு" என்று, செத்தபின் பாவம் தீரக் காத்துக்கிடப்பவர்களுக்காக ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் தேய்ப்பாள். "வேலை வேற, செபம் வேறன்னு நெனைக்காதட்டி. தண்ணி புடிக்கையிலயும் சேசு பக்கத்துலதான் நிக்காரு" என்பாள். கரிச்சட்டிக்கு எத்தனை ஆத்துமா கரையேறும் அக்கா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும்.

கடைசி முறை எங்களுடையது. கைக்குழந்தைத் துணி மலைபோல் கிடக்கும். ஒரு குடம் நிரம்புவதற்குள் குழாய் புஸ்ஸென்று காற்று விடும். அக்கா தன் முறைக்கு மட்டும் செபத்தை இழுக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சமயம் என் வீட்டுக்காரர் பழைய கைக்கடிகாரம் ஒன்று வாங்கிவந்தார். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நாலு நாள் பார்த்தேன். அக்கா வீட்டுக்கு நாலு நிமிஷம். மற்ற வீடுகளுக்கும் நாலு. மூன்றாம் வீட்டுப் பாக்கியத்துக்கு மட்டும் ஏழு.

ஐந்தாம் நாள், வரிசையே கேட்கும்படி கத்தினேன். "எக்கா, பாக்கியம்னா மட்டும் உங்க சேசு மெதுவாப் பேசுவாரோ? இந்தா பாருங்க கடியாரத்த!"

அக்காவின் முகம் வெளுத்தது. "சத்தம் போடாதட்டி, பொறவு சொல்லுதேன்" என்றாள். நான் விடவில்லை. எல்லாரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள்.

"அப்படி என்னட்டி உன் வீட்டுல மட்டும் கழுவக் கெடக்கு?" என்றாள் ஒருத்தி.

பாக்கியம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "அவுக ரத்தமாத் துப்புதாக. துணியெல்லாம் அவிச்சுத் துவைக்கணும்."

காசம். அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சந்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் பாக்கியத்தின் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைக்க விடவில்லை. அக்கா தன் முறையில் பிடித்த தண்ணீரை அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தாள், அப்போதும் திட்டினார்கள். பத்தே நாளில் பாக்கியம் நோயாளிப் புருஷனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வெளியேறினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "இனிமே நீயே மணி பாத்துச் சொல்லு" என்றதோடு சரி. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தந்த அபராதம் மங்கள வார்த்தை பத்து. பீடத்துக்கு முன் முழங்காலில் நின்று சொல்லி எழுந்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் செய்ததற்கு இவ்வளவுதானா என்று அன்றுதான் முதல்முதலாக என்மேலேயே சந்தேகம் வந்தது.

இப்போது அந்தச் சந்தும் இல்லை, குழாயும் இல்லை. மாடிக் கட்டடம் நிற்கிறது. அக்கா போய் வெகுகாலம் ஆகிறது. பாக்கியத்தைத் தாணே பக்கம் பார்த்ததாக ஒருவர் சொல்ல, போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் குடத்தை வைக்க விடாத அந்தக் காலையிலேயே என் குடங்கள் அத்தனையும் நிரம்பின. வழிய வழியப் பிடித்துக்கொண்டு வந்தேன்.